விரல் வைத்த இடம்

மரியே வாழ்க

மேலத்திட்டு,
17.8.2025

அன்புள்ள அமலாவுக்கு,

சவரிராயன் எழுதிக்கொள்வது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. காரிலும் மேடையிலுமாக அலைந்தாலும் நீ வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

பதினாலு கிலோமீட்டரில் இருக்கிற பெண்டாட்டிக்குத் தபால் போடுகிற புருஷன் திருச்சி ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான் இருப்பேன். நீ சிரிப்பாய். சிரி. போனில் கூப்பிட்டால் உன் உதவியாளர் பெண் ரோசரி எடுக்கிறாள். "மேடம் மீட்டிங்ல இருக்காங்க அங்கிள், விஷயத்தைச் சொல்லுங்க, நோட் பண்ணிக்கிறேன்" என்கிறாள். நல்ல பெண்தான். ஆனால் உன்னிடம் சொல்ல வேண்டியதை அவளிடம் சொல்லி, அவள் அதை எழுதி, அது மற்றவர்கள் மனுவோடு மனுவாக உன் மேசைக்கு வருவதில் எனக்கு இஷ்டமில்லை. ஊரார் கடிதத்தை முப்பத்தெட்டு வருஷம் சைக்கிளில் சுமந்தவனுக்கு, தன் கடிதம் என்று ஒன்று எழுத இப்போதுதான் வாய்த்திருக்கிறது.

வீட்டு விஷயம் முதலில். கேஸ் சிலிண்டர் போடுகிற பையன் நேற்று வந்து வாசலில் நின்றுகொண்டு ஓ.டி.பி. கேட்டான். அது உன் போனுக்கு வருகிறது. நான் தென்னூரில் இருக்கிற உன் அலுவலகத்துக்குப் போன் போட்டு, ரோசரி உன்னைத் தேடிப் பிடித்து, நீ கூட்டத்தில் இருந்தபடியே போனைக் காட்டி, அவள் நாலு எண்ணைப் படித்துச் சொல்லி, அதற்குப் பிறகுதான் சிலிண்டர் அடுப்படிக்கு வந்தது. மண்டல அலுவலகத்தின் அனுமதி பெற்றுச் சோறு பொங்குகிறவன் நான். அந்த நம்பரை என் பெயருக்கு மாற்றிவிடு. உன் மூக்குக் கண்ணாடி ஒன்று மாதா படத்துக்குக் கீழேயே இருக்கிறது. கொல்லையில் பூவன் இரண்டு தார் வெட்டுகிற பதத்தில் நிற்கிறது.

பதவியேற்பு விழாவுக்கு வந்தேன் அல்லவா, மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தார்கள். எட்டு மாவட்டத்து ஊராட்சித் தலைவர்களும் தங்கள் கூட்டமைப்புக் கொடியோடு வந்திருந்தார்கள். பதவிக் காலம் முடிந்து எல்லோரும் முன்னாள் ஆகிவிட்டாலும் தலைவர் என்றால் தலைவர்தானே. அந்தத் தலைவர்களுக்கெல்லாம் மண்டலத் தலைவி என்று உன் பெயரைச் சொன்னபோது எழுந்து நின்று கைதட்டினேன். பொய் சொல்லவில்லை. மகளிர் குழுவில் பெண்களுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தவள் அந்த உயரத்தில் நிற்கிறாளே என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டேன். அவருக்குப் புதுக்கோட்டை. யார் என்றே தெரியாது.

ஒன்று மட்டும் உறுத்தியது. கூட்டமைப்பின் பொதுச்செயலாளர் இளவரசன் பேசும்போது, "தன் ஊரை நகரத்தோடு இணைக்க முதல் ஆளாக முன்வந்த துணிச்சல்காரி" என்று உன்னைச் சொன்னார். யாரோ எழுதிக் கொடுத்ததைத் தப்பாக வாசித்துவிட்டார் போலிருக்கிறது. நீ எழுந்து திருத்துவாய் என்று பார்த்தேன். நீ கும்பிட்டுக்கொண்டிருந்தாய்.

ஊர் நிலவரம் நன்றாக இல்லை. டவுனோடு சேர்க்கும் உத்தரவு வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஊராட்சி அலுவலகத்துப் பலகையைக் கழற்றிவிட்டார்கள். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. டவுனுக்கு நூறு நாள் வேலை கிடையாது என்று அட்டைகளை வாங்கிக்கொண்டார்கள். மாரியாயி தினம் காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மந்தைவரைக்கும் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறாள். வேலை இல்லை என்று தெரியும். கால் தானாக வந்துவிடுகிறது என்கிறாள். புருஷனும் இல்லாமல் பிள்ளையும் இல்லாமல் அந்த வேலையை நம்பி இருந்தவள்.

மதுரைக்குப் போய் ஹைகோர்ட்டில் வழக்குப் போடுவது என்று ஊர் கூடி முடிவு செய்திருக்கிறது. உன் அலுவலகத்துக்கு நாலு கட்டடம் தள்ளி இருக்கிற வக்கீல் தாஜுதீன்தான் எடுத்து நடத்துகிறார். அவர் கேட்ட முதல் கேள்வி, "கிராம சபைல எதிர்ப்புத் தீர்மானம் போட்டிருக்கீங்களா?" என்பது. போட்டிருக்கிறோம் என்று நான்தான் எழுந்து சொன்னேன். வேறு யார் சொல்வது? கையெழுத்து வாங்கியவன் நான்.

போன வருஷம் நீ ஊர்த் தலைவியாக இருந்து நடத்திய காந்தி ஜெயந்திக் கிராம சபை உனக்கு ஞாபகம் இருக்கும். மழை பிடித்துக்கொண்டு பந்தலில் முப்பது பேர்கூட இல்லை. மேற்பார்வைக்கு வந்த அதிகாரி டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். நீ தீர்மான நோட்டை என்னிடம் கொடுத்து, "வீடு வீடாப் போய் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. டவுனோட சேக்கக் கூடாதுன்னு தீர்மானம். பிச்சமுத்து அப்புறமா மேல எழுதிக்குவாரு" என்றாய். நம் ஊராட்சியில் எந்தத் தீர்மானம் கையெழுத்துக்கு முன்னால் எழுதப்பட்டது? முதலில் கையெழுத்து, பிறகு வாசகம். செயலர் பிச்சமுத்துவும் அப்படித்தான், அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான். நோட்டைப் பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு குடை பிடித்துப் போனேன். முந்நூற்று எண்பத்தாறு பேர். நான் நோட்டை நீட்டி விரல் வைத்தால் அந்த இடத்தில் கையெழுத்துப் போடுவது இந்த ஊருக்கு மணியார்டர் காலத்திலிருந்து பழக்கம். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டவர்களுக்கும், "டவுனோட சேக்க வேணாம்னு போடறோம்" என்று வாயால் சொன்னேன்.

அந்த நோட்டின் நகல் கேட்டு தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டிருக்கிறோம். அது கைக்கு வந்துவிட்டால் பாதி ஜெயித்த மாதிரி என்று தாஜுதீன் சொல்கிறார்.

29-ஆம் தேதி ஆரோக்கிய மாதா கொடியேற்றம். நீ வரவேண்டும். மண்டலத் தலைவியாக அல்ல, வழக்கம்போல் கஞ்சி அண்டா பக்கத்தில் நிற்க வா.

இப்படிக்கு,
உன்
சவரிராயன்

* * *

மரியே வாழ்க

மேலத்திட்டு,
12.9.2025

அன்புள்ள அமலா,

நீ கொடியேற்றத்துக்கும் வரவில்லை, தேருக்கும் வரவில்லை. உன் பெயரில் ஒரு பெரிய மாலை வந்தது. மாலையைக் கொண்டுவந்த டிரைவர் மாதாவோடு சேர்த்து போட்டோ எடுத்துக்கொண்டு போனான். எந்தக் குரூப்பில் போட்டார்களோ, பெலிண்டா அதைப் பார்த்துவிட்டுத் திண்டுக்கல்லில் இருந்து, "அம்மா வந்திருந்தாங்களாப்பா?" என்று கேட்டாள். மாலை வந்தது என்று சொன்னேன்.

தொட்டியத்தில் நீ பேசியது பேப்பரில் வந்திருந்தது. டீக்கடையில் சத்தமாகப் படித்தார்கள். கிராம சபையில் ஏழைப் பெண் போடுகிற கையெழுத்துக்கு ஈடான அதிகாரம் இந்த நாட்டில் கிடையாது என்று பேசியிருக்கிறாய். கைதட்டு பலமாக இருந்தது என்றும் போட்டிருந்தது. அதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் நகல் வந்தது.

கோயில் முற்றத்தில் எல்லோரும் கூடியிருந்தோம். தாஜுதீனும் வந்திருந்தார். உறையைப் பிரித்து அவர் முதலில் மனதுக்குள் படித்தார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வாய்விட்டுப் படித்தார். தீர்மானம் எண் ஏழு. மேலத்திட்டு ஊராட்சியை மாநகராட்சியோடு இணைப்பதில் இவ்வூர் மக்களுக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை என்றும், இணைப்பை முழுமனதோடு வரவேற்பதாகவும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. கீழே முந்நூற்று எண்பத்தாறு கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுடையது.

யாராவது கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாரியாயிதான் எழுந்து என் பக்கத்தில் வந்து, "நீங்க வெரல் வெச்ச எடத்துலதானே தபால்காரரே போட்டேன்" என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. தப்பு அவளுடையதோ என்று சந்தேகம் கேட்கிற குரல். நீ குழுவில் கையைப் பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்த அந்த மா-ரி-யா-யி, கோணல்மாணலாக, ஆட்சேபணை இல்லை என்பதற்குக் கீழே நிற்கிறது.

அதற்குள் யாரோ பிச்சமுத்து பெயரைச் சொன்னார்கள். நோட்டு அவர் பொறுப்பில் இருந்தது, எழுதுகிறவர் அவர், ஆகையால் விற்றவரும் அவர்தான் என்று ஆயிற்று. மறுநாள் அவர் பழைய கோப்புகளை எடுத்துப் போக வந்தபோது பிடித்துக்கொண்டார்கள். சட்டையைப் பிடித்து இழுத்ததில் கண்ணாடி கீழே விழுந்து உடைந்தது. நான் ஓடிப்போய் விலக்கினேன். அத்தனை பேர் கேட்டும் அந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை மட்டும் பார்த்தார். இப்போது விசாரணை என்று அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்திருக்கிறார்கள்.

அமலா, அந்த நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தேன். உறை மேல் எழுத்தைப் பார்த்தே இது இன்னார் கடிதம் என்று சொல்லிவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். மலேசியாவிலிருந்து வந்தாலும் சொல்வேன், பக்கத்துத் தெருவிலிருந்து வந்தாலும் சொல்வேன். அந்தத் தீர்மானத்தின் எழுத்தையும் பார்த்தேன். பார்த்துவிட்டு மடித்து பைபிளுக்குள் வைத்துவிட்டேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

நீ ஒரு நாள் வா. பகலில் வர முடியாவிட்டால் காலை பூசைக்கு முன்னால் வா. காரைக் கொள்ளிடக் கரையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வா. நேரில் பேசிக்கொள்ளலாம். நான் ஏதோ தப்பாகப் பார்த்திருக்கலாம், எனக்குக் கண் முன்மாதிரி இல்லை என்று நீ வந்து சொன்னால் போதும்.

உன்
சவரிராயன்

* * *

மரியே வாழ்க

மேலத்திட்டு,
16.10.2025

அன்புள்ள அமலராணிக்கு,

முழுப் பெயரைப் போட்டிருக்கிறேன். கோபத்தில் இல்லை. கூட இருக்கிற காகிதத்தில் அப்படித்தான் எழுத வேண்டியிருந்தது, கை அதே பழக்கத்தில் வந்துவிட்டது.

இந்தக் கடிதத்தைச் சாதாரணத் தபாலில் போடவில்லை. ரிஜிஸ்தர் பண்ணலாம் என்று ஸ்ரீரங்கம் தபாலாபீசுக்குப் போனால், ரிஜிஸ்தர் தபாலையே ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டோம் என்றார்கள். எதையாவது எதோடாவது சேர்த்துவிடுவதே இப்போது வழக்கமாகிவிட்டது. சேர்ப்பதற்கு முன்னால் தபால்காரனைக் கேட்டார்களா என்று கவுண்டரில் கேட்டேன். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை.

போன திங்கட்கிழமை தென்னூருக்கு வந்ததைப் பற்றி. உன் அலுவலகத்து மாடியில் வருகைப் பதிவேடு என்று ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். பெயர், ஊர், காரணம். காரணம் என்கிற கட்டத்தில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. 'சொந்தம்' என்று எழுதினேன். எனக்கு முன்னால் ஏழு பேர். ரோசரி பார்த்துவிட்டு, "அங்கிள், நீங்க உள்ள போங்க" என்று பதறினாள். வேண்டாம் என்று வரிசையிலேயே உட்கார்ந்திருந்தேன். வீம்புக்குத்தான், ஒத்துக்கொள்கிறேன். அந்த வீம்பால்தான் இளவரசன் இருக்கும்போது உள்ளே வரும்படி ஆயிற்று.

நான் நகலை மேசை மேல் வைத்ததும் அவர் எதிரிலேயே நீ பேசினாய். நன்றாகவே பேசினாய், எட்டு மாவட்டம் கேட்கிற பேச்சல்லவா. "ஊரு டவுனோட சேர்றது நிச்சயங்க. நாம வேணாம்னாலும் சேப்பாங்க. வேணாம்னு எழுதுனா ஃபைலோட ஒரு தாளா அதுவும் கெடக்கும். சரின்னு எழுதுனது மேலிடத்துக்குப் பிடிச்சதாலதான் நான் இன்னிக்கு இந்த எடத்துல உக்காந்திருக்கேன். இங்க இருந்து எத்தனை ஊருக்குச் செய்ய முடியும்னு பாருங்க. ஒரு ஊரா, எட்டு மாவட்டமா?" என்றாய். இளவரசன் தலையாட்டினார். உன் ஓட்டை வேறு ஊராட்சிக்கு மாற்றிக்கொண்டால் அடுத்த தேர்தலில் மாவட்ட ஊராட்சித் தலைவர் நாற்காலி உனக்குத்தான் என்று எனக்கு டீ சொல்லிக்கொண்டே சொன்னார்.

வேற்றாள் எதிரில் பெண்டாட்டியை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவன் நான். பஸ்ஸில் வரும்போதுதான் பதில் வந்தது. நீ சொன்னது எல்லாம் சரியாகவே இருக்கலாம். சேருவது நிச்சயமாகவே இருக்கலாம். அப்படியானால் அதை அந்த மழையில், அந்த முப்பது பேரிடம் சொல்லியிருக்க வேண்டியதுதானே? சேரலாம் என்று நினைக்கிறேன், இன்ன காரணம் என்று நீ எழுந்து சொல்லியிருந்தால் பாதிப் பேர் உனக்காகவே சரி என்றிருப்பார்கள். உன் வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. நீ கேட்கவே இல்லை. என்னைப் பொய் சொல்ல அனுப்பினாய். பொய் என்றுகூடத் தெரியாமல் குடையைப் பிடித்துக்கொண்டு முந்நூற்று எண்பத்தாறு வாசலில் நின்று அதைச் சொன்னேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. என் மேலும் தப்பு இருக்கிறது. வெற்றுத் தாளை நீட்டினேன். அது தப்பு என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை. ஒரு மணியார்டர் பாரத்தில் தொகை எழுதாமல் கையெழுத்து வாங்கியிருந்தால் என் வேலை போயிருக்கும். அதே நான், அதே விரல். பெண்டாட்டி தலைவி, நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். தலைவி வீட்டுக்காரர் என்று நாலு பேர் எழுந்து நின்றது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

உன்னைப் பார்த்துவிட்டு அன்றைக்கே ஸ்ரீரங்கத்தில் இறங்கி பிச்சமுத்து வீட்டுக்குப் போனேன். வடக்கு வாசல் பக்கம் ஒரு சந்தில் வாடகைக்கு இருக்கிறார். கண்ணாடியை நூல் போட்டுக் கட்டி மாட்டியிருந்தார். அவர் சம்சாரம் எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போனவர் திரும்ப வெளியில் வரவில்லை. நான் நகலைப் பிரித்துக் காட்டி, இது யார் எழுத்து என்று எனக்குத் தெரியும் என்றேன். அவர் நகலை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு, "அம்மா அன்னிக்கு நோட்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்க சார். மறுநாள் எழுதியே கொண்டாந்து குடுத்தாங்க. நான் படிச்சேன். கேக்கணும்னு தோணுச்சு, கேக்கல. அதுக்குத்தான் இப்ப அனுபவிக்கிறேன்" என்றார். ஏன் ஊரார் அடிக்க வந்தபோது சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க அங்க நின்னீங்களே சார். உங்களுக்குத் தெரிஞ்சிருந்தும் நீங்க சொல்லலியே. புருஷன் சொல்லாததை நான் எப்படிச் சொல்றது" என்றார்.

அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு நான் ஊருக்கு வந்தேன்.

அவருக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறது. விசாரணையில் அவர்தான் எழுதினார் என்று முடித்துவிட்டால் பென்ஷனும் இல்லை, பெயரும் இல்லை. நம் வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் வந்து பந்தியில் பரிமாறிய மனுஷன். பெலிண்டா கல்யாணத்தில் சாப்பிடாமல் கடைசிவரை நின்றவர். உன் கையெழுத்துக்கு அவர் தலையைக் கொடுப்பார், நீயும் பேசாமல் இருப்பாய், நானும் பேசாமல் இருப்பேன் என்றால், நாம் இருவரும் எந்த முகத்தோடு பூசையில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கப் போவது? நான் ஒரு மாதமாக நன்மை வாங்கவில்லை. சாமியார் கவனித்துவிட்டு, "என்ன சவரி, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இனி காரியத்துக்கு வருகிறேன். மதுரையில் வழக்கு விசாரணைக்கு வருகிறது. கையெழுத்து வாங்கும்போது தாள் வெறுமையாக இருந்தது என்று வாங்கியவன் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும் என்கிறார் தாஜுதீன். கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அதோடு நிற்காது. கோர்ட்டில் அடுத்த கேள்வி, அப்படியானால் பிறகு எழுதியது யார் என்பதாகத்தான் இருக்கும். தெரியாது என்று நான் சொன்னால் அது பிச்சமுத்து மேல் போய் உட்காரும். தெரியும் என்று சொன்னால் உன் பெயரைச் சொல்ல வேண்டும். இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். மாரியாயி கையெழுத்தையும் உன் எழுத்தையும் ஒரே தாளில் பார்த்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தேன். சொல்வது என்று முடிவு செய்திருக்கிறேன்.

பெலிண்டாவிடம் சொன்னேன். அழுதாள். "அம்மாவுக்கு எதிரா கோர்ட்டுக்குப் போவீங்களாப்பா? இத்தனை வருஷம் அம்மா பட்ட பாடெல்லாம் உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். எனக்குத் தெரியாதா? நம் ஊராட்சி பெண்களுக்கு ரிசர்வ் என்று வந்தபோது பெயருக்கு நில், வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று நாலு பேர் வந்தார்கள். வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று நீ சொன்னாய். தண்ணீர் தொட்டியில் ஏறி உள்ளே இறங்கிப் பார்த்த தலைவி இந்தப் பிர்க்காவிலேயே நீ ஒருத்திதான். அது அத்தனையும் எனக்குத் தெரியும். தெரிவதால்தான் வலிக்கிறது. ஆரம்பத்திலிருந்தே திருடியாக இருந்திருந்தால் நான் ஏன் உனக்கு எழுதிக்கொண்டிருக்கப் போகிறேன்.

இத்துடன் இரண்டு காகிதம் வைத்திருக்கிறேன். ஒன்று நான் கொடுக்கப்போகிற பிரமாணப் பத்திரத்தின் நகல். மூன்றாம் பத்தியில் உன் பெயர் வருகிறது. மற்றொன்று நானே தாஜுதீனிடம் கெஞ்சி உனக்காக எழுதி வாங்கியது. ஊராரின் தீர்மானம் வேறாக இருக்க, இந்த வாசகத்தை எழுதியது நான்தான், செயலருக்கு இதில் பங்கில்லை என்று நீயே சொல்வதாக அதில் இருக்கிறது. அதை நீ கொடுத்துவிட்டால் என் பத்திரத்தில் மூன்றாம் பத்தியை எடுத்துவிடலாம் என்று அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். வெறும் தாள் இல்லை, முழுக்க எழுதிய தாள். ஒரு வரி விடாமல் படித்துப் பார். எந்த இடத்திலும் நான் விரல் வைக்க மாட்டேன்.

அதைக் கொடுத்தால் உன் பதவி போய்விடும் என்று எனக்குத் தெரியும். இளவரசன் மறுநாளே உன்னைத் தெரியாது என்று சொல்லிவிடுவார். வழக்கும் வரலாம். மாவட்டமும் கிடையாது, மண்டலமும் கிடையாது. ஊரில் சிலர் உன் முகத்தில் முழிக்க மாட்டார்கள். கொடுக்காவிட்டாலும் நான் சொல்லத்தான் போகிறேன், அப்போதும் இதெல்லாம் போகும். போவது ஒன்றுதான். நீ சொல்லிப் போனதா, நான் சொல்லிப் போனதா என்பதுதான் மிச்சம்.

மிரட்டுவதாக நினைக்காதே. எனக்கு மிரட்டவும் தெரியாது. முப்பத்தொரு வருஷத்தில் உன் பெயரைச் சபையில் நான் உயர்த்தித்தான் சொல்லியிருக்கிறேன். கோர்ட்டில் நின்று இப்படி ஒரு காரியத்துக்கு அந்தப் பெயரைச் சொல்ல வாய் வருமா என்று எனக்கே தெரியவில்லை. வந்துவிட்டால், அதற்குப் பிறகு வீட்டில் எந்த வாயால் உன்னைக் கூப்பிடுவது?

தீபாவளி கழிந்து வருகிற வியாழக்கிழமை பத்து மணிக்கு தாஜுதீன் அலுவலகத்தில் நான் கையெழுத்துப் போடுகிறேன். அவர் ஒன்பது மணிக்கே திறந்துவிடுவார். நீ ஒன்பதுக்கே வந்துவிடு. நாலு கட்டடம்தானே, காரை எடுக்காதே, யாரையும் கூட்டிக்கொண்டு வராதே. நான் வருவதற்குள் உன்னுடையதைப் போட்டுவிட்டுப் போய்விடு. என் முகத்தைப் பார்க்க வேண்டாம், எனக்கு ஒன்றும் சொல்லவும் வேண்டாம். உன் பத்திரம் மேசை மேல் இருந்தால் போதும். நான் என்னுடையதைக் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்து இரண்டு பேர் சோற்றுக்கு உலை வைப்பேன்.

மாதா உன் கையைப் பிடித்து எழுத வைக்கட்டும்.

உன்
சவரிராயன்